கிட்டாரும் அகராதியும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இசைத்தட்டு கீறல் இல்லாமல் வந்துசேர்ந்தது. மூன்று நாளாக வீட்டில் அதுதான் ஓடுகிறது. "இந்தக் கரகரத் தொண்டைக்காரர் கொஞ்சம் ஓயமாட்டாரா?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

அந்தத் தொண்டைக்காரர், ட்ரம்பெட் ஊதும் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங், 'ப்ளூஸ்' என்ற சோகப் பாட்டு வகைக்குப் பேர்போன இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் 11 பாடல்களை 1954 ஜூலையில் பதிவுசெய்தது நீ இருக்கும் அதே சிகாகோவில்தானாமே! பெரியவருக்கு அஞ்சலி என்றால் நமக்குப் படம், மாலை, ஊதுவத்தி. இவர்களோ கொண்டாட்டமாக வாசித்திருக்கிறார்கள். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' ஒன்றே ஏறக்குறைய 9 நிமிடம். வெல்மா மிடில்டன் பாட, பின்னாலேயே ட்ரம்பெட் பதில் பேசுகிறது. அப்புறம் ஆம்ஸ்ட்ராங் தானே பாட வந்தால் ஒரே குறும்பு. சோகப் பாட்டுக்கு இத்தனை சிரிப்பு எங்கிருந்து வருகிறதோ! ஹேண்டிக்கு அப்போது வயது 80, பார்வை போயிருந்தது. பதிவைப் போட்டுக் காட்டியபோது கண்கலங்கிவிட்டாராம்.

அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1912-இல் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' உரிமையை அற்ப விலைக்கு விற்று ஏமாந்திருக்கிறார். பிறகு சொந்தமாகப் பதிப்பகம் வைத்துக்கொண்டார். கணக்குப் பார்க்கும் என் புத்திக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் நான் நின்றுபோனது வேறொரு பக்கத்தில். அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது, பழம் பறித்து, சோப்புக் காய்ச்சிச் சேர்த்த காசில் ஒரு கிட்டார் வாங்கி வந்திருக்கிறார். அவருடைய அப்பா பாதிரியார். அது சாத்தானின் பொருள் என்று சொல்லி, கடையிலேயே கொடுத்துவிட்டு அகராதி வாங்கி வரச் சொன்னாராம்.

அந்த அப்பா அகராதியாவது வாங்க வைத்தார். நீ பத்தாம் வகுப்பில் வாங்கி வந்த கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தில் நான் மின்கட்டணம் கட்டினேன். அன்று கையில் வேறு பணம் இல்லை என்பதும் உண்மை. இருந்தும் அதை உன்னிடம் சொல்லாமல், படிப்பு கெடும் என்று பொய்க் காரணம் சொன்னேன்.

ஹேண்டியைக் கிட்டார் விடவில்லை. 1903 வாக்கில், மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் அவர் காத்திருந்தபோது, கந்தல் உடுத்த ஒருவர் கிட்டார்க் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊரைப் பற்றிய பாட்டு அது. பிற்பாடு அதுவே 'எல்லோ டாக் ப்ளூஸ்' ஆயிற்று. தட்டில் அது வரும்போது மட்டும் நான் ஒலியைக் குறைப்பதில்லை, அம்மா என்ன சொன்னாலும்.

இதையெல்லாம் தெரிந்துதான் அனுப்பினாயா என்று கேட்கப் போவதில்லை. நீ அங்கே ஒரு கிட்டார் வாங்கியிருப்பதைத் தம்பி உளறிவிட்டான். டிசம்பரில் வரும்போது எடுத்து வா. என்ன விலை என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா