ஷிச்சி-கோ-சான்: படத்தோடு காரணத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானின் ஷிச்சி-கோ-சான் விழா பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கீழே 'குழந்தைகளின் கிமோனோ திருவிழா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். டோக்கியோவில் குடியிருந்து, நவம்பர் வந்தால் பக்கத்துக் கோயிலில் இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறவள் நான். அந்த ஒரு வரி மனதை உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளை நவம்பர் 15 அன்றோ அதை ஒட்டிய லீவு நாளிலோ ஷிண்டோ கோயிலுக்குக் கூட்டிப்போய், இதுவரை காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, இனியும் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதுதான் விழா. உடையெல்லாம் அப்புறம்தான். ஏழு வயது வரை பிள்ளை தெய்வத்துக்குச் சொந்தம் என்று அங்கே பழைய பேச்சு ஒன்று உண்டு, அதாவது அதுவரை நம்மிடம் தங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியம்மை அழகைத் தீர்மானிக்கும், தட்டம்மை உயிரைத் தீர்மானிக்கும் என்று பழமொழியே வைத்திருந்தார்கள்.

தொகுகாவா வம்சத்தின் ஐந்தாம் ஷோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர், சுனயோஷி, 1681இல் பழைய நாட்காட்டியின் 11ஆம் மாதம் 15ஆம் நாள் தன் மகன் தொகுமாட்சுவுக்குச் சடங்கு செய்தார், இந்தத் தேதி அதிலிருந்து வந்தது என்பார்கள். நாட்டையே ஆண்டவரின் பிள்ளை, வைத்தியத்துக்கா குறை, ஆனாலும் 1683இல் அந்தக் குழந்தை இறந்துபோனது. ஷோகுன் வீட்டிலேயே அப்படி என்றால் சாதாரணக் குடியானவன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உடைக்கும் இதுதான் அடிப்படை. மூன்றில், அதுவரை மழித்துவந்த தலையில் முடி வளர்க்க ஆரம்பிப்பது. ஐந்தில் பையனுக்கு முதல் ஹகாமா, கிமோனோவுக்கு மேல் கட்டும் மடிப்பு வைத்த கீழாடை. ஏழில் பெண் பிள்ளைக்கு நாடாவை விட்டுவிட்டுப் பெரியவர்களைப் போல ஓபி என்ற அகலமான இடுப்புப் பட்டை. ஒவ்வொரு கண்டமாகத் தாண்டி வந்ததற்கு அடையாளம்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பையன், குறைமாதத்தில் பிறந்து பல வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவன், போன வருஷம் ஐந்து வயதுக்காரனாக ஹகாமா போட்டுக்கொண்டு போனான். பூசாரி வெள்ளைக் காகிதக் கற்றை கட்டிய கோலை அவன் தலைக்கு மேல் அசைத்து, அவன் பெயரைச் சொல்லி வேண்டுதலைப் படித்தபோது அவன் அம்மா தலை நிமிரவே இல்லை. அவனோ கொக்கும் ஆமையும் வரைந்த நீளப் பையிலிருந்த சிதோசே-அமே மிட்டாயிலேயே கண்ணாக இருந்தான். ஆயிரம் வருஷ மிட்டாய் அது, சிவப்பும் வெள்ளையுமாகக் குச்சி போல நீளமாக இருக்கும், ஆயுளும் அப்படி நீள வேண்டும் என்று கொடுப்பது.

இன்று வாடகைக் கிமோனோ, ஸ்டுடியோ படம் என்று செலவு கூடிவிட்டது உண்மைதான், அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 1920இல் ஜப்பானில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 160க்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன, இன்று அது இரண்டுக்கும் கீழே. வேண்டுதலோடு நிற்காமல் சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, 1948 முதல் தாய்மார்கள் கையில் கொடுத்துவரும் தாய்சேய் நலக் கையேடு என்று பாடுபட்டு வாங்கிய எண் அது. அந்தக் கையேட்டில் பிள்ளையின் எடையும் ஊசித் தேதியும் எழுதிக்கொண்டு வந்த அதே அம்மாதான் கோயில் வாசலில் ஓபியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள்.

அடுத்த நவம்பரிலும் படம் போடுவீர்கள், தாராளமாகப் போடுங்கள். கூடவே அம்மையையும் தொகுமாட்சுவையும் பற்றி நாலு வரி சேருங்கள். இடம் போதவில்லை என்றால் ஒரு படத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நிஷிகசாய், டோக்கியோ