34 சதவீதத்தில் அணைந்த கைபேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாரியில் ஓர் இரவு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வசிக்கும் என் தமக்கையாரின் கணவருக்குக் கடுமையான மூச்சுத்திணறல் கண்டது. மழையோடு மின்சாரமும் நின்றிருந்தது. அக்கா கைபேசியை எடுத்துப் பார்த்தபோது பற்றரி 34 சதவீதம் என்று காட்டியிருக்கிறது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழுத்தி, மணி போகத் தொடங்கிய கணத்தில் திரை கறுத்துவிட்டது. மீண்டும் இயக்கிப் பார்த்தார். முகப்புப் படம் தோன்றி மறுபடியும் அணைந்தது. மழைக்குள் அயல்வீட்டுக்கு ஓடி, அவர்களுடைய கைபேசியிலிருந்துதான் அம்புலன்சை அழைத்தார். அத்தான் இன்று நலமாக இருக்கிறார்.

அந்த இரவுக்குப் பின் நடந்தவையும் சேர்ந்தே என்னை இக்கடிதத்தை எழுதத் தூண்டின. நகரிலுள்ள ஒரு திருத்தும் கடையில் கைபேசியைக் கொடுத்தபோது, சார்ஜர் செருகும் இடம் பழுது என்று கூறி அதை மாற்றி 2,500 ரூபா வாங்கினார்கள். பத்து நாளில் அதே கோளாறு திரும்பியது. இரண்டாவது முறை மென்பொருளில் பிழை என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படங்கள் அதோடு போயின. இரண்டு முறையும் பற்றரியை எவரும் அளந்து பார்க்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. திரையில் தெரிந்த 34 என்ற எண்ணை அக்கா நம்பியதைப் போலவே அவரும் நம்பினார். பற்றரியில் சார்ஜ் இருக்கும்போதே கைபேசி அணைகிறது என்றால் பழுது வேறெங்கோதான் இருக்க வேண்டும் என்று தேடப் போய்விட்டார்.

உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். பற்றரிக்குள் எவ்வளவு மின்னேற்றம் எஞ்சியிருக்கிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி எந்தக் கைபேசியிலும் இல்லை. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் ஒரு சிறு சில்லு (சிப்) இடைவிடாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை, பற்றரியின் மொத்தக் கொள்ளளவு இவ்வளவு என்று தான் வைத்திருக்கும் எண்ணால் வகுத்துச் சதவீதமாகக் காட்டுகிறது. நெல் களஞ்சியத்தில் வரவும் செலவும் புத்தகத்தில் எழுதப்படுவதைப் போன்றது இது. எலி தின்றதும் ஈரத்தில் பழுதானதும் புத்தகத்தில் ஏறாது. புத்தகம் 40 மூடை என்று சொல்லும்; கதவைத் திறந்தால் 25 மூடைதான் இருக்கும். பற்றரி மூப்படைந்து கொள்ளளவு குறையும்போது, சில்லு தன் பழைய எண்ணைத் திருத்திக்கொள்ளாவிட்டால் இதுவே நேர்கிறது.

பற்றரியின் வோல்ற்றளவைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கலாமே என்று கேட்கலாம். சில்லும் அதைத்தான் செய்ய முயல்கிறது. ஆனால் 4.2 வோல்ற்றில் நிறையும் ஓர் இலித்தியம் அயன் மின்கலம் 80 சதவீதத்தில் ஏறத்தாழ 4.0 வோல்ற்றையும், 20 சதவீதத்தில் ஏறத்தாழ 3.7 வோல்ற்றையும் காட்டும். அதாவது, நாம் அன்றாடம் பாவிக்கும் பெரும்பகுதி முழுவதும் வெறும் 0.3 வோல்ற்றுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே 0.05 வோல்ற்றுக்குச் சற்றுக் கூடிய பிழை ஏற்பட்டாலும் சதவீதம் பத்துக்கு மேல் தவறிவிடும். நிறைந்த முனையிலும் வற்றிய முனையிலும் மட்டுமே வோல்ற்றளவு தெளிவாகப் பேசுகிறது.

அக்காவின் கைபேசிக்கு நேர்ந்தது இதைவிட ஆழமான கோளாறு. மின்னியக்க விசை, அகத்தடை என்று உயர்தர மாணவர் படிக்கும் பாடம் அப்படியே அதற்குள் இருந்தது. மின்கலம் மூப்படையும்போது அதன் அகத்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது தனக்குள்ளேயே காட்டும் தடை, கூடுகிறது. வெளியே கிடைக்கும் வோல்ற்றளவு, மின்னியக்க விசையிலிருந்து (மின்னோட்டம் எடுக்காதபோது இருக்கும் வோல்ற்றளவிலிருந்து) மின்னோட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கி வரும் அளவைக் கழித்தது. புதிய கைபேசிப் பற்றரியொன்றின் அகத்தடை பத்தில் ஒரு ஓம் அளவில் இருக்கும். படுவான்கரையில் சமிக்ஞை மெலிந்த இடங்களில் கைபேசி தன் முழு வலுவோடு ஒலிபரப்ப வேண்டியிருப்பதால், அழைப்பின்போது கணநேர மின்னோட்டம் 2 அம்பியர் வரை எழக்கூடும். 3.75 வோல்ற்றில் ஓய்ந்திருக்கும் புதிய பற்றரி அப்போது 3.55 வோல்ற்றுக்கு இறங்கும். கைபேசிக்கு அது போதும். அகத்தடை 0.35 ஓமாக உயர்ந்துவிட்ட பற்றரியோ அதே கணத்தில் 3.05 வோல்ற்றுக்குச் சரிந்துவிடும். பெரும்பாலான கைபேசிகள் 3.0 முதல் 3.4 வோல்ற்று வரையிலான ஏதோவோர் எல்லையில் தம்மைத் தாமே அணைத்துக்கொள்கின்றன. பற்றரிக்குள் மின்னேற்றம் உண்மையிலேயே இருந்தது. அவசரத்துக்கு அதை வெளியே தர அதனால் இயலவில்லை. கனடாவில் இருக்கும் உறவினர் குளிர்காலத்தில் தெருவில் நிற்கும்போது கைபேசி அணைவதாகச் சொல்வதும் இதனால்தான்: குளிரும் அகத்தடையைக் கூட்டும்.

இது ஏழைகளின் மலிவான கைபேசிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ஐபோன் 6எஸ் கைபேசிகள் பற்றரி மிச்சம் காட்டும்போதே அணைவதாக 2016இல் முறைப்பாடுகள் எழுந்தன. 2017 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள், மூப்படைந்த பற்றரிகள் உள்ள கைபேசிகளின் உச்ச வேகத்தைக் குறைத்து அதைத் தவிர்த்தது. அதைப் பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லாததற்காக அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் 2018இல் ஐபோன் அமைப்புகளுக்குள் வந்தது அந்தச் சர்ச்சையின் விளைவே.

இனி, கோளாறைப் பிரித்தறியும் முறைக்கு வருகிறேன். நான் பாவிக்கும் ஐந்து வயதுக் கைபேசியும் அதே காலத்தில் தவறாகவே காட்டியது. ஆனால் அது 1 சதவீதத்தைத் தொட்ட பிறகும் நாற்பது நிமிடம் உயிரோடிருந்தது. இரண்டு கைபேசிகளுக்கும் ஒரே குறிப்புப் புத்தகத்தில், ஒவ்வொரு பத்துச் சதவீதம் இறங்கும்போதும் நேரத்தை எழுதி வந்தேன். என்னுடையது கடைசிவரை பாரம், அதாவது கூடிய மின்னோட்டம் கேட்கும் வேலை, தாங்கியது. எண் மட்டுமே பிந்தியும் முந்தியும் ஓடியது. அக்காவுடையதில், சும்மா வைத்திருக்கும்போது எண் ஒழுங்காக இறங்கியது. ஒளிவிளக்கை எரியவிட்டு வீடியோ பிடித்தால் 30, 40 சதவீதத்திலும் அணைந்தது. அணைந்த பின் சார்ஜரில் செருகாமல் பத்து நிமிடம் ஓயவிட்டு இயக்கியபோது, கிட்டத்தட்ட அதே சதவீதத்தோடு எழுந்து வந்தது. என்னுடையதில் கணக்குப் பிழைத்திருந்தது. அவருடையதில் அகத்தடை ஏறியிருந்தது. முதலாவதற்குச் செலவே இல்லை. இரண்டாவதற்குப் புதிய பற்றரி ஒன்றே மருந்து.

அன்ட்ராய்ட் கைபேசிகளில் பற்றரியின் வோல்ற்றளவை அந்தந்தக் கணத்தில் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அக்காவின் கைபேசி ஓய்வில் 3.78 வோல்ற்றைக் காட்டியது. விளக்கும் வீடியோவும் ஓடத் தொடங்கியதும் 3.31க்கு விழுந்தது. ஓய்வுக்கும் பாரத்துக்கும் இடையில் இவ்வளவு பெரிய இறக்கத்தைக் கண்டால் வேறு எதையும் மாற்றுவதற்கு முன் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் கொள்ளளவை அறிய, சார்ஜருக்கும் வடத்துக்கும் இடையில் செருகும் சிறிய யூஎஸ்பி மானி ஒன்று போதும். ஆனால் இதைப் பாவிக்கும் பலர் ஒரு கணக்குப் பிழையில் விழுகிறார்கள். பற்றரியின் மேல் 3000 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது 3.85 வோல்ற்றுக்கு உரியது. மானியோ 5 வோல்ற்றில், வேக சார்ஜ் என்றால் 9 வோல்ற்றிலும், எண்ணுகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் நல்ல பற்றரியும் நோயாளியாகத் தெரியும். ஆகவே வாற்று மணியில்தான் ஒப்பிட வேண்டும். 3000 மில்லி அம்பியர் மணி என்பது 3.85 வோல்ற்றில் 11.55 வாற்று மணி. அக்காவின் கைபேசியை முற்றாக வற்றவிட்டு, அணைந்த நிலையிலேயே நிறையும்வரை ஏற்றியபோது மானி 7.2 வாற்று மணி காட்டியது. வெப்பமாகப் போகும் பங்கை ஏறத்தாழ 15 சதவீதம் என்று கழித்தால் பற்றரிக்குள் சேர்ந்தது 6.1. புதிதாக இருந்தபோது கொண்டதில் பாதிக்குச் சற்றே கூட. நான்கு ஆண்டு பாவித்த, பகலெல்லாம் தகரக் கூரையின் கீழ் இருந்த பற்றரிக்கு இது வியப்பான முடிவு அன்று. 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முழு மின்னேற்றத்தோடு ஓராண்டு வைத்திருக்கும் இலித்தியம் அயன் மின்கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கக்கூடும் என்பது அறியப்பட்ட உண்மை. நம் மாவட்டத்து வைகாசி வெயிலில், வரம்பில் வைத்த கைபேசியும் மோட்டார் சைக்கிளின் முன்னால் பூட்டிய கைபேசியும் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும்.

என்னுடைய கைபேசியைச் சரிசெய்தது இவ்வளவுதான்: அது தானாக அணையும்வரை பாவித்தேன், பின்பு இடையில் கழற்றாமல் 100 வரை ஏற்றி, மேலும் இரண்டு மணிநேரம் செருகியே வைத்தேன். நிறைந்த முனையையும் வற்றிய முனையையும் ஒரே சுற்றில் கண்ட சில்லு தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. இதை இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை முற்றாக வற்றவிட வேண்டும் என்ற பழைய அறிவுரை நிக்கல் கட்மியம் மின்கலங்களின் காலத்தது. இலித்தியம் மின்கலத்துக்கு அது கேடு. பற்றரிப் புள்ளிவிபரக் கோப்பை அழித்தால் சரியாகும் என்று சொல்லும் செயலிகளுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் கோப்பு எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்பதைப் பதிவது மட்டுமே, திரையில் தெரியும் சதவீதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கூகுளின் அன்ட்ராய்ட் பொறியியலாளர் டயான் ஹக்போர்ன் 2012இலேயே விளக்கியிருக்கிறார்.

பற்றரியை மாற்றியவர்கள் முதல் சில நாள்களில் எண் தாறுமாறாக இருந்தால் பதறத் தேவையில்லை. பல அன்ட்ராய்ட் கைபேசிகளில் கணக்கு வைக்கும் சில்லு பற்றரியில் இல்லாமல் கைபேசியின் பலகையிலேயே இருப்பதால், அது பழைய பற்றரியின் கொள்ளளவையே நினைவில் வைத்திருக்கும். ஒரு முழுச் சுற்றில் புதியதைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பழைய பற்றரி உப்பி, கைபேசியின் பின்மூடியோ திரையோ விலகி நிற்கக் கண்டால், மேற்சொன்ன எந்தச் சோதனையையும் செய்யக் கூடாது. சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்தி, அழுத்தாமலும் குத்தாமலும் திருத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஏறாவூர் முதல் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கைபேசி திருத்தும் நம் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இடையில் அணைகிறது என்று வரும் எந்தக் கைபேசியையும் கழற்றுவதற்கு முன், ஓய்வில் எத்தனை வோல்ற்று, பாரத்தில் எத்தனை வோல்ற்று என்ற இரண்டு எண்களைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. அக்காவின் படங்களை அது காப்பாற்றியிருக்கும். வாடிக்கையாளரும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். புதியது என்று பழைய பற்றரியைப் பொருத்தியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடுவதற்கு அந்தச் சீட்டுத்தான் ஆதாரமாகும்.

பௌதிகவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வோல்ற்றளவை மின்னோட்டத்துக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து மின்கலத்தின் அகத்தடையைக் காணும் செய்முறையை நம் மாணவர்கள் ஆண்டுதோறும் உலர் மின்கலத்தோடு செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடம் தங்கள் சட்டைப்பைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறிந்தால் மறக்க மாட்டார்கள். இரண்டு கைபேசிகளிலும் நான் எடுத்த அளவீடுகள், பற்றரி மாற்றிய பின் அக்காவின் கைபேசியில் எடுத்தவை உட்பட, குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. வகுப்பில் பாவிக்க விரும்பும் ஆசிரியர்கள் பத்திரிகை அலுவலகத்தின் ஊடாகக் கேட்டால் பிரதி எடுத்து அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை பௌதிகவியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.