வானிமோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "பார்டர் ஊர்ல இருக்கியாமே, அங்க சண்டை கிண்டை ஏதும் இல்லையே?" என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. எப்போதாவது எல்லைச் சாவடிப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதுண்டு. 2014இல் அப்படி ஒரு மோதல் நடந்து எல்லையை மூடியிருக்கிறார்கள். ஆனால் வானிமோ கடலோரத்தில் இருக்கும் அமைதியான சின்ன ஊர். பாப்புவா நியூ கினிக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவிலான எல்லை இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர்.

வீட்டில் இருக்கும் உலகப் படத்தை எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு நேர் மேலே பாருங்கள். கிரீன்லாந்துக்கு அடுத்து உலகிலேயே பெரிய தீவு இந்த நியூ கினிதான். அதன் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி மேலிருந்து கீழே ஒரு கோடு போகும். 141ஆம் தீர்க்கரேகை. மேற்கே இந்தோனேசியா, கிழக்கே நான் இருக்கும் பாப்புவா நியூ கினி. ஓரிடத்தில் மட்டும் கோடு மேற்குப் பக்கமாக வளையும். அங்கே ஃப்ளை ஆறுதான் எல்லை. 1895இல் பிரிட்டிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் பேசி முடித்த ஏற்பாடு அது. எங்கள் வடக்குப் பகுதி அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. இங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பலனை உட்டுங் கிராமத்தில் பார்க்கலாம். எல்லையை ஒட்டி இந்தப் பக்கம் இருக்கும் கடைசி ஊர் அதுதான். அந்த மக்களின் தோட்டங்களில் ஒரு பகுதி கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அங்கே ஸ்கோவ் கிராமத்தார் பேசும் மொழி இவர்கள் மொழிக்கு நெருங்கிய சொந்தம். பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களும் உண்டு. அதனால் எல்லைக் கிராமத்தாருக்கு மட்டும் தனி அட்டை. அதைக் காட்டிப் பாஸ்போர்ட் இல்லாமல் தோட்டத்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய் வரலாம். இரண்டு அரசுகளும் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நம்மைப் போன்றவர்கள் போவதென்றால் வானிமோவிலேயே இந்தோனேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே விசா எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் கால் வைத்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும்!

ஸ்கோவில் இந்தோனேசியா பெரிய எல்லைச் சாவடி கட்டி 2017இல் திறந்தது. பக்கத்திலேயே சந்தை. இந்த நாட்டுப் பணமான கினாவும் செல்லும், இந்தோனேசியாவின் ரூபியாவும் செல்லும். எங்கள் ஊர்க்காரர்கள் அரிசி, நூடுல்ஸ், எண்ணெய், பிளாஸ்டிக் சாமான், துணிமணி எல்லாம் அங்கேதான் வாங்குகிறார்கள். இங்கிருந்து அந்தப் பக்கம் போவதில் வனிலாவும் பாக்கும் முக்கியம். (பாக்கைச் சுண்ணாம்போடு மெல்லாத ஆளே இங்கே கிடையாது. அப்பத்தா இருந்திருந்தால் ஒரே நாளில் எல்லாரோடும் பழகியிருப்பார்.) நான் கணக்குப் பார்க்கும் மொத்த வியாபாரக் கடைக்கு இதனால் அடிதான். எங்களுக்குச் சரக்கு லாயே துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு ரோடே இல்லை, விமானம்தான். ஜயபுரா நகரமோ எல்லை தாண்டி ஓரிரண்டு மணி நேரக் கார் பயணம். மக்கள் எந்தப் பக்கம் போவார்கள், சொல்லுங்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோதுதான் அந்தச் சந்தை இல்லாமல் இந்த ஊர் எவ்வளவு திண்டாடும் என்பது தெரிந்தது என்கிறார்கள்.

சரி, இனி சொல்வதுதான் மனதை அரிக்கிற விஷயம்.

மேற்குப் பகுதி டச்சுக்காரர்களிடமிருந்து ஐ.நா. வழியாக 1963இல் இந்தோனேசியாவுக்குக் கைமாறியது. 1969இல் மக்கள் விருப்பத்தைக் கேட்கிறோம் என்று சொல்லி, எட்டு லட்சம் மக்களுக்குப் பதிலாக ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்துத் தலையாட்ட வைத்தார்கள். கிழக்குப் பகுதி 1975 செப்டம்பர் 16இல் ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றுத் தனி நாடானது. ஒரே இனத்தாரில் ஒரு பாதிக்குச் சொந்தக் கொடி, சொந்தப் பாராளுமன்றம். மறு பாதியில் விடுதலை கேட்பவர்களின் விடிவெள்ளிக் கொடியைத் தூக்கினால் ஜெயில்.

என்னோடு கடையில் வேலை செய்பவரின் பெற்றோர் 1984இல் காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள். அந்த வருடம் ஜயபுராவில் ஒரு கிளர்ச்சி முயற்சி தோற்றது. பாப்புவா நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேகரித்த ஆர்னால்ட் ஆப் என்ற அருங்காட்சியகக் காப்பாளர், காவலில் இருந்தபோது ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி வந்தார்கள். என்னோடு வேலை செய்யும் இவர் பிறந்தது வானிமோ பக்கம் இருந்த பிளாக்வாட்டர் முகாமில். அப்புறம் பலரைத் தெற்கே ஈஸ்ட் ஆவின் என்ற காட்டுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். 2017 வாக்கில்தான் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து குடியுரிமை கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. ராமேசுவரம் வழியாக வந்து மண்டபம் முகாமில் தங்கியவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் அவர் பேசும்போது நினைவுக்கு வந்தது.

அகதிகள் வந்த இரண்டாம் வருடமே, 1986இல், இரண்டு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இன்றுவரை மேற்கு பாப்புவா இந்தோனேசியாவின் பகுதி என்பதுதான் இந்த அரசின் நிலை. 2015இல் பிரதமர் பீட்டர் ஓ'நீல் அங்கே நடக்கும் ஒடுக்குமுறை பற்றி வெளிப்படையாகப் பேசினார், ஆனாலும் அந்த நிலை மாறவில்லை. இருபத்தேழு கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாட்டைச் சின்ன நாடு பகைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கும் புரிகிறது. சண்டை இல்லாததால்தான் சந்தை நடக்கிறது, உட்டுங்காரர் தோட்டத்துக்குப் போகிறார். ஆனால் அந்த நட்புக்கு விலை கொடுப்பது முகாமில் பிறந்தவர்கள். அவர்களுக்கு முப்பது வருடத்துக்கும் மேல் குடியுரிமை தராமல் இழுத்தடித்தது அநியாயம், அப்பா. ஜகார்த்தாவைக் கோபப்படுத்தாமலே அதை முன்பே செய்திருக்கலாம்.

சிவகாசிக்காரர் ஒருவர் இங்கே ஆளுநர் ஆனாராமே என்று கேட்டீர்கள். உண்மைதான். சசீந்திரன் முத்துவேல், 2012இல் மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்தில் தேர்தலில் ஜெயித்தவர். ஆனால் அது வேறு தீவு, இங்கிருந்து ரொம்ப தூரம்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். பேங்கில் வந்துவிட்டதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் குறித்ததும் எனக்குத் தெரிவியுங்கள், லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்