எங்கள் பழக்கவழக்கம் பற்றி எழுதியவருக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையின் வீட்டுத்திட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல்முறை கண்ணாடி போடாமல் வாசித்ததால் பிழையாக விளங்கிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறது: வீடும் வீதியும் கொடுத்தும் நோய் குறையாததற்கு மக்களின் பழக்கவழக்கமே காரணமாம்.

நான் இந்தக் கரையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட, பிரசவமும் தாய்சேய் நலமும் பார்க்கும் குடும்பநல மாதுவாக வேலை செய்தவள். அந்தப் பழக்கவழக்கத்தை மாற்றச் சொல்லி வீடு வீடாகச் சைக்கிள் மிதித்ததும் நான்தான். கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி விடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியது. சனமும் கேட்டது. அப்புறம் மேலிடத்து வரைபடம் ஒன்று வந்து, குடும்பத்துக்குப் 10 பேர்ச் காணி என்றது. 10 பேர்ச்சைச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 52 அடி. நடுவில் வீடு. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் உங்கள் குழியிலிருந்து நீங்கள் தப்பிவிடுவீர்கள். ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக் குழி உங்கள் கிணற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மாரியில் இங்கே கிணற்றுத் தண்ணீரைக் குனிந்தே அள்ளலாம். அப்போது கிணறு எது, குழி எது? இதில் எங்கள் பழக்கம் எங்கே வருகிறது என்று கட்டுரையாளர் சொன்னால் நல்லது.

கிணறு பாழானதால் பவுசரில், அதுதான் தண்ணீர் லொறியில், தண்ணீர் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வரும், பரலில் பிடித்து வைக்கிறோம். டெங்கு நுளம்பு முட்டையிடுவதும் நல்ல தண்ணீரில்தான். உடனே ஆட்கள் வந்து, பரலை மூடவில்லை என்று எச்சரிக்கைத் துண்டு தந்துவிட்டுப் போனார்கள். போன மாரியில் என் மருமகள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதுவும் பழக்கவழக்கம்தான் போலும்.

வீதிக் கதை இன்னும் விசேஷம். எங்கள் ஊர் கொங்கிரீட் வீதியை இரண்டு அடி உயர்த்திப் போட்டார்கள், மதகு வைக்கவில்லை. வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, வாவிக்குத் தண்ணீர் இந்த வழியால்தான் இறங்கும் என்று வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை நேரில் நின்று சொன்னார். திட்டத்தில் இல்லை என்றார்கள். 2011 தை வெள்ளத்தில்கூட வந்த தண்ணீர் வந்த வழியே வடிந்தது. இப்போது மேற்குப் பக்கத்து வாசல்களில் மாதக்கணக்காக நிற்கிறது. அடுத்த வளவுத் தம்பிக்கு எலிக்காய்ச்சல் வந்தபோது வயலில் தொற்றியதாகப் பதிந்தார்கள். அவன் வயலில் இறங்கி ஒரு மாதம். வாசலில் இறங்கியது தினமும்.

அபிவிருத்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஐயா. 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கும்வரை, வலி கண்டவளைத் துறைக்குக் கொண்டு ஓடுவோம். ஆட்களை ஏற்றி வாவி கடக்கும் மிதவையான பாதை அக்கரையில் நிற்கும். ஒரு பிள்ளை அந்தப் பாதைப் பலகையிலேயே பிறந்தது, கொடி வெட்டியது நான். இப்போது அவளுக்கே கலியாணப் பேச்சு. அந்தப் பாலம் தாய்மாருக்குச் செய்ததை என் கிளினிக் செய்யவில்லை. அப்படியென்றால் பாலமும் வீதியும் மதகும் சுகாதாரம்தானே? பிறகு ஏன் திட்டக் கூட்டத்துக்குப் பொறியியலாளர் வருகிறார், காணி உத்தியோகத்தர் வருகிறார், எங்களில் ஒருவரையும் கூப்பிடுவதில்லை? என்னைக் கூப்பிட்டது திறப்புவிழாவுக்கு. மங்கள விளக்கில் ஒரு திரி ஏற்றினேன்.

சட்டம் இருக்கிறது என்பீர்கள். சுற்றாடல் சட்டத்தை 1988 இல் திருத்தி, 1993 இல் வர்த்தமானியில் பட்டியலும் போட்டார்கள். வீடுகள் 1000ஐத் தாண்டினால், அல்லது கட்டாய மீள்குடியேற்றம் 100 குடும்பத்தைத் தாண்டினால், சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே பார்க்கும் தாக்க மதிப்பீடு. அந்த அறிக்கையை 30 நாள் சனம் பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம். உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் திட்டம் 48 வீடு. நுளம்புக்கு இந்தக் கணக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே மதகு பற்றி உங்களுக்கு எழுதினேன். போடவில்லை. இடமில்லாமல் போயிருக்கும், கோபமில்லை. அந்த வாரம் எங்கள் வீதியின் திறப்புவிழாப் படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது, அதில் ஓரத்தில் நானும் நிற்கிறேன்.

கட்டுரையைத் திருத்தச் சொல்லவில்லை. எங்கள் வீதிக்குக் குறுக்கே இரண்டு மதகு, ஐப்பசிக்கு முன் வேண்டும் என்று ஒரு வரி போட்டால் போதும். இடம் தேடி அலையத் தேவையில்லை, வட்டவிதானை தடி நட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மாது,
படுவான்கரை, மட்டக்களப்பு.