பலகை வாங்கும் முன் பசை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே மிச்சிகனில் பனி கரைய ஆரம்பித்துவிட்டது. மகள் காலேஜுக்குப் போனபின் வரும் முதல் வசந்தம். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

சரி, காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தூங்குகிற கேம்பிங் டிரெய்லருக்கு வருகிறேன். கால்கரியில் நீயும் கையால் ஒன்று கட்டப்போகிறாய் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் பலகையைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய், பசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நீ நினைக்கிற எக்ஸ்.பி.எஸ்., அதாவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த நுரைப்பலகை, நல்ல பொருள்தான். நம் ஊர் தெர்மோகோலுக்குச் சொந்தக்காரன், ஆனால் மணிமணியாக உதிராது, தண்ணீரும் குடிக்காது என்றே சொல்லலாம். நாலுக்கு எட்டு அடியில் இரண்டு அங்குலக் கனப் பலகை சுமார் 4 கிலோ. அதே நீள அகலத்தில் கால் அங்குல ப்ளைவுட் அதைவிட இரண்டு மடங்கு கனக்கும்.

என் முதல் பக்கச் சுவருக்குக் கடையில் கொடுத்த காண்டாக்ட் பசையைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் நுரை குழிகுழியாக உள்வாங்கிவிட்டது. இரண்டு பலகைகள் வீண். அந்த வகைப் பசைகள் பலவற்றில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனை அப்படியே கரைத்துவிடும். ஃபைபர்கிளாஸ் துணியை ஒட்டப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினிலும் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருப்பதால் அதே கதிதான். ஃபைபர்கிளாஸ் போட ஆசையிருந்தால் எபாக்ஸி ரெசினிலேயே போடு. எந்தப் பசையானாலும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தடவி, ஒரு ராத்திரி விட்டுப் பார்.

நுரையோடு நுரையை ஒட்ட பாலியூரிதேன் பசை. அது ஈரத்தில் இறுகும், அதனால் ஒரு பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள். இறுகும்போது உப்பிப் பலகையைத் தூக்கும். நான் செங்கல் அடுக்கி மறுநாள் வரை தொடவில்லை.

மரப்பசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். நுரைக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை, வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துணிக்கு அதே பசை அருமை. நுரைமேல் கான்வாஸை விரித்து, டைட்பாண்ட் 2 என்ற மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊறவிட்டு, காய்ந்ததும் வெளிச்சுவர்ப் பெயிண்ட் அடிப்பார்கள். இங்கே இதற்கு ‘ஏழையின் ஃபைபர்கிளாஸ்’ என்று பெயர். நானும் அதைத்தான் செய்தேன். நீ செய்தால் வெள்ளைப் பெயிண்டே அடி. அடர்நிறம் வெயிலில் கொதிக்கும், நுரை சூட்டில் இளகும். வெயில் நேராகப் பட்டாலும் நுரை பொடியும், எங்கேயும் இடைவெளி விடாதே.

அலுமினியம்தான் வேண்டும் என்று உன் மனைவி சொன்னால் தாராளமாகப் போடு, ஆனால் விறைப்பான பசை வேண்டாம். உன் ஊரில் குளிர்காலம் மைனஸ் 30, கோடை 30. அந்த 60 டிகிரிக்குள் எட்டடித் தகடு 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். அடியிலிருக்கும் மரம் அந்த அளவு அசையாது. சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி ரப்பர்போல் இழுபடும் பசையை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு விடு. பிதுங்கிப் போகும்வரை அழுத்திவிடாதே, அந்தக் கனம்தான் அசைவைத் தாங்குகிறது.

நுரை எளிதில் தீப்பிடிக்கும், புகையும் விஷம். உள்பக்கம் முழுக்க மெல்லிய ப்ளைவுட்டால் மூடு, அடுப்பைக் கதவுக்கு வெளியே வை. குழந்தைகள் தூங்கப்போகும் இடம், இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

சேஸியின், அதாவது டிரெய்லரின் அடிச்சட்டத்தின் அளவையும், உன் கார் எவ்வளவு எடை இழுக்கும் என்பதையும் எழுதி அனுப்பு. கூரை ஒட்ட நாலு கை வேண்டும். ஜூலையில் எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கிறது, அதுவரை கூரையைத் தொடாதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்