கசகசாவும் பலாப்பழமும்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடுதாசி வந்தது. முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி மட்டும் ஏறாதே.

சின்னவனுக்கு ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. சேருமுன் போதைப் பரிசோதனையாம். கையில் டப்பாவைக் கொடுத்து, கழிவறைக் கதவைச் சாத்த விடாமல் ஒரு ஆள் பின்னாலேயே நின்றிருக்கிறான். கூச்சத்தில் பையனுக்கு வெகுநேரம் சிறுநீரே வரவில்லை; கடைசியில் எப்படியோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். எனக்கு மனசே ஆறவில்லை.

நாம் பஸ் ஓட்டிய நாளில், குடித்திருக்கிறோமா என்று பார்க்க டிப்போவில் மெஷினில் ஊதச் சொன்னபோது முகம் சுளித்ததுண்டா? பின்னால் அறுபது உயிர் உட்கார்ந்திருக்கும்போது ஊதத்தான் வேண்டும். அந்த மெஷின் காட்டுவது இந்த நிமிஷம் உடம்பில் இருக்கும் சரக்கை. சிறுநீர் அப்படியில்லை. தினமும் கஞ்சா இழுத்தவன் விட்டு வாரக்கணக்கான பிறகும் அதில் தெரியும். இன்றைக்குக் கிரேன் ஏறுகிறவன் நிதானமாக இருக்கிறானா என்பதை அது சொல்லாது. அவன் வீட்டு வாழ்க்கையைத்தான் துழாவும்.

ஊதும் மெஷினும் தப்புப் பண்ணும். 2025 ஜூலையில் கேரளாவில் பந்தளம் அரசு பஸ் டிப்போவில் நடந்ததைப் படித்திருப்பாய். காலையில் பலாச்சுளை தின்ற டிரைவர்கள் குடித்ததாக மெஷின் காட்டியது. குடிக்காத இன்னொருவர் சுளை தின்றுவிட்டு ஊதிப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அப்படிச் சோதித்துப் பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒரு டிரைவரின் கதி என்ன?

நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடுகிற கசகசாவே போதும், சிறுநீரில் அபின் வகை காட்டிவிடும். அமெரிக்காவில் இதற்காகவே 1998-இல் ‘இதற்கு மேல் இருந்தால்தான் போதை’ என்ற அளவுகோலை ஒரு மில்லி சிறுநீருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். சின்னவன் போன கம்பெனி எந்த அளவை வைத்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வண்டி, கிரேன், ரயில் ஓட்டுகிறவர்களைச் சோதிக்கட்டும். கணக்கு எழுதுகிறவனிடம் எதற்கு டப்பா? யாராக இருந்தாலும், முதல் சோதனையை மட்டும் வைத்து வேலையைப் பறிக்கக் கூடாது. லேபில் மறுபடி பார்க்க வேண்டும், அவன் என்ன மருந்து சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்க வேண்டும்.

பையனுக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை. உன் மாப்பிள்ளை தொழிற்சங்கத்தில் இருக்கிறாரே, மறுபரிசோதனையை எழுதிக் கேட்க வழி இருக்கிறதா என்று விசாரித்து உடனே எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்