இந்த மாத வாசிப்பு: ஸ்டீபன் கிங்

நண்பர்களுக்கு வணக்கம். இந்த மாதம் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கைப் படிப்போம். 1947இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட, அம்மாதான் வளர்த்தார். பள்ளி ஆசிரியராக இருந்தபோது, சரிவராது என்று அவர் குப்பைக்கூடையில் போட்ட பக்கங்களை மனைவி டாபிதா எடுத்துப் படித்து, மேலே எழுதச் சொன்னார். அதுதான் 1974இல் வந்த 'கேரி' நாவல். முன்பணம் 2,500 டாலர். பேப்பர்பேக் உரிமையோ 4 லட்சம் டாலருக்குப் போனது. அவருடைய பேய்களைவிட இந்தக் குப்பைக்கூடை விஷயம்தான் எனக்கு மனசில் நிற்கிறது.

1999இல் வேன் மோதிப் படுகாயம். சில வாரங்களிலேயே வலியோடு எழுத உட்கார்ந்துவிட்டார். இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள்.

பேய்க்கதை பிடிக்காதவர்கள் அவருடைய 'மிசரி' நாவலில் தொடங்குங்கள்; அதில் பேயே கிடையாது. படித்ததும் இங்கே எழுதுங்கள், குரல் பதிவும் போடலாம்.